மேற்கே போனால் ஏற்றம்

ஆனி பிறந்துவிட்டால் திருநெல்வேலிப் பக்கம் சைக்கிள் ஓட்டுகிற நாங்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வது எத்தனை கிலோமீட்டர் ஓட்டினாய் என்றல்ல. "காத்து ஆரம்பிச்சிட்டா?" என்றுதான்.

வெளியூர் நண்பர்களுக்கு இது புரிவதில்லை. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை ஏறி முடித்த கையோடு, கோத்தகிரியைத் தொடையில் வாங்கிய கையோடு வருவார்கள். பாளையங்கோட்டையில் என் வீட்டு மொட்டை மாடியில் நின்று மேற்கே நீலமாகத் தெரியும் மலையைப் பார்த்துவிட்டு, "குற்றாலம் பக்கம் நல்ல ஏற்றம் எது?" என்பார்கள். ஏற்றமெல்லாம் கிடையாது, தென்காசிக்கு நேர் ரோட்டில் போங்கள், 53 கிலோமீட்டர், காலையில் பத்து மணிக்குக் கிளம்புங்கள் என்பேன். சிரிப்பார்கள். ஆலங்குளம் தாண்டும்போது சிரிப்பு இருக்காது. சமதளத்தில், கண்ணுக்கு எட்டிய தூரம் மேடே இல்லாத சாலையில், மலையேறுகிற கியரைப் போட்டுக்கொண்டு மணிக்கு 13, 14 கிலோமீட்டரில் ஊர்ந்துகொண்டிருப்பார்கள். இரண்டு பக்கமும் காற்றாலைகள் நிம்மதியாகச் சுற்றிக்கொண்டிருக்கும்.

இந்த ஊரின் மலை காற்றுதான். மேற்கே போனால் ஏற்றம், கிழக்கே வந்தால் இறக்கம். தாமிரபரணிப் படுகையில் எந்தச் சாலையைத் தேர்ந்தெடுப்பது என்று என்னைக் கேட்டால் முதலில் இதைத்தான் சொல்வேன். அப்புறம்தான் அருவி, அணை எல்லாம்.

காரணம் எளிது. பொதிகை மலைத்தொடர் ஒரு நீண்ட சுவர். தென்மேற்குப் பருவமழை அந்தப் பக்கம், கேரளத்தில், கொட்டித் தீர்த்துவிடும். சுவரில் ஓர் இடத்தில் வாசல் போலத் திறப்பு இருக்கிறது. அதுதான் செங்கோட்டைக் கணவாய். மழையைக் கொட்டிய காற்று அந்த வாசல் வழியாக நெருக்கியடித்துக்கொண்டு இந்தப் பக்கம் வரும்போது மிச்சம் மீதித் துளிகளையும் கொண்டுவருகிறது. அதற்குத்தான் சாரல் என்று பெயர். குற்றாலத்தில் சாரல் அடிக்கும் அதே நாளில் திருநெல்வேலியில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும். சாரல் எங்களுக்கு வந்து சேர்வதில்லை, காற்று மட்டும் வந்து சேர்கிறது.

அந்தக் காற்றுக்கும் ஒரு நேரக்கணக்கு உண்டு. இரவில் தரையோரக் காற்று படுத்துவிடும். சூரியன் ஏறித் தரை சூடாகி, கீழ்க்காற்று மேலே போய், மேலே ஓடுகிற வேகக்காற்று கீழே இறங்கி வர ஒன்பது, பத்து மணியாகிவிடும். ஆகவே சீசனில் விடிவதற்கு முன் மேற்கே போய்விட வேண்டும். வெயில் ஏறிய பிறகு திரும்ப வேண்டும். இதை நான் கற்றுக்கொள்ள மூன்று வருடம் ஆயிற்று. முதல் இரண்டு வருடம் சைக்கிளைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

சரி, எந்த வழி? நேர் ரோட்டை மேற்கே போகும்போது நான் தொடுவதில்லை. ஆற்றைப் பிடித்துப் போவேன். பாளையங்கோட்டையிலிருந்து நாலேகாலுக்குக் கிளம்பினால் சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி வழியாக அம்பாசமுத்திரம் சுமார் 35 கிலோமீட்டர். இந்தச் சாலையில் ஒரு சௌகரியம் உண்டு. கன்னடியன் கால்வாயின் பாசனம் என்பதால் தோப்பும் வயலும் ஊரும் மாறி மாறி வந்து காற்றை மறைத்துக்கொள்ளும். தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள். ஆங்கிலேயர் கட்டியது ஸ்ரீவைகுண்டம் ஒன்றுதான். மற்ற ஏழும் அவர்கள் வருவதற்கு முன்பே இருந்தவை. ஜூன் மாதம் தண்ணீர் திறந்துவிட்டால் கார் சாகுபடி, அதாவது முதல் போக நெல், தொடங்கிவிடும். இருட்டில் எதுவும் தெரியாது. ஆனால் வயல் வந்துவிட்டதை முகம் சொல்லிவிடும். ஊருக்குள் வெதுவெதுப்பாக இருக்கும் காற்று, நாற்றங்கால் தொடங்கும் இடத்தில் சட்டென்று குளிரும். சேற்று வாசனை. தவளைச் சத்தம். மறுபடி ஊர், மறுபடி வெதுவெதுப்பு.

அழகைச் சொன்னால் ஆபத்தையும் சொல்லிவிட வேண்டும். உழவு நடக்கும் நாட்களில் டிராக்டர் வயலிலிருந்து சாலைக்கு ஏறும் இடங்களில் சேறு வழுக்கும். மெல்லிய டயர்காரர்கள் அங்கே பிரேக் பிடித்தால் கீழே கிடப்பார்கள். இரண்டாம் போகமான பிசானம் அறுப்பு முடிந்த மாசி, பங்குனியில் வேறு தொல்லை. பாதி சாலையில் நெல்லைக் காயப்போட்டிருப்பார்கள், மீதிப் பாதியில் வைக்கோல். வைக்கோல் பின்சக்கரத்தில் போய்ச் செயினோடு சுற்றிக்கொண்டால் கியர் மாற்றும் கருவியின் கதை முடிந்தது. ஒருமுறை பத்தமடை அருகே உட்கார்ந்து பல் குத்துகிற மாதிரி ஒவ்வொரு வைக்கோலாக உருவி எடுத்திருக்கிறேன். கோரையில் பட்டுப்பாய் நெய்கிற ஊர். எதிர்த் திண்ணையில் இருந்த அம்மா அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நல்லா நெய்யுதிய தம்பி" என்றார்.

நேரம் இருந்தால் வீரவநல்லூர்ப் பக்கம் சாலையை விட்டு விலகித் திருப்புடைமருதூருக்கு ஒருமுறை போய்விடுங்கள். கடனாநதி தாமிரபரணியோடு சேரும் இடம். நாறும்பூநாதர் கோவிலின் கோபுரத்துக்குள் அடுக்கடுக்காகச் சுவரோவியங்கள். வெளியே ஆற்றங்கரை மருத மரங்களில் நாரைகள். 2005இல் பறவைகளுக்காகப் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்ட ஊர் இது. நாரைகள் உட்காரும் மரத்தடியில் சைக்கிளை நிறுத்தக் கூடாது என்பதை அனுபவத்தில் சொல்கிறேன்.

அம்பாசமுத்திரத்தில் அத்தை வீடு. நான் போய்ச் சேரும்போது அத்தை வாசல் தெளித்துக்கொண்டிருப்பாள். கருப்பட்டிக் காபி. "இதுக்கு பஸ்ஸுல வந்தா என்ன?" என்ற கேள்வி வருடம் தவறாமல் உண்டு.

அங்கிருந்து பாபநாசம் பத்து கிலோமீட்டர். எல்லோரும் போகிற வழி. விக்கிரமசிங்கபுரம், அதாவது விகேபுரம், ஒரே நீளமாக வளர்ந்த ஆலை ஊர். அருவித் தண்ணீரின் விசையை நம்பி 19ஆம் நூற்றாண்டில் ஹார்வி கம்பெனி ஆலை வைத்ததால் வந்த வளர்ச்சி. வேகத்தடைகள் அதிகம். பாபநாசம் கோவில் படித்துறையில் பொரி போட்டால் முழங்கை நீள மீன்கள் வந்து வாயைத் திறக்கும். அதற்கு மேலே அகத்தியர் அருவி, காரையாறு எல்லாம் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். 1988இல் அறிவித்தார்கள், தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். மணிமுத்தாறு வழியாக மாஞ்சோலைக்கு ஏறுகிற சாலையும் அதே காடுதான். சைக்கிள்காரனுக்கு நாக்கில் எச்சில் ஊறுகிற சாலை. ஆனாலும் சோதனைச் சாவடியில் நான் அனுமதி கேட்டுப் பார்த்ததே இல்லை. சத்தமே இல்லாமல் வளைவில் திரும்புகிற வாகனம் சைக்கிள். எதிரே கரடி நின்றால் இரண்டு பேருக்குமே அதிர்ச்சி. மணிமுத்தாறு அணை வரை போய், 118 அடி அணையின் நீரில் மலை தலைகீழாகக் கிடப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவேன். அதுவே போதும்.

என் சாலை வேறு. அம்பாசமுத்திரத்திலிருந்து ஆழ்வார்குறிச்சி, கடையம் வழியாகத் தென்காசி போகிற சுமார் 35 கிலோமீட்டர். மலையின் காலடியிலேயே ஓடுகிறது. அடிப்படையில் வடக்கு நோக்கிய சாலை என்பதால் காற்று நேராக நெஞ்சில் அடிக்காது, இடது தோளில் வந்து முட்டும். மலை ஒட்டியிருக்கும் இடங்களில் அதுவும் மட்டுப்படும். ரயில் பாதை பக்கத்திலேயே வந்துகொண்டிருக்கும். கீழ ஆம்பூர், ரவணசமுத்திரம் என்று ஸ்டேஷன் பெயர்களை வாசித்துக்கொண்டே போகலாம். ஒவ்வொரு சில கிலோமீட்டருக்கும் மலையிலிருந்து ஓர் ஆறு குறுக்கே இறங்கும். கடனாநதி, ஜம்புநதி, ராமநதி. பாலத்துக்குப் பாலம் நிறுத்தி எட்டிப் பார்ப்பது என் வழக்கம். தண்ணீரின் நிறத்தை வைத்து மேலே மழையா இல்லையா என்று சொல்லிவிடலாம். தேயிலை டிகாஷன் நிறத்தில் நுரையோடு வந்தால் குற்றாலத்தில் இன்று குளிக்கவிட மாட்டார்கள் என்று அர்த்தம்.

ஆழ்வார்குறிச்சியில் இடது பக்கம் திரும்பிச் சிவசைலம் வரை போய்வந்தால் இன்னும் நல்லது. மேற்கு பார்த்த கோவில், பக்கத்தில் கடனாநதி, அதற்கு மேலே 85 அடி அணை. இந்தச் சாலையில் மலை நம்மை நோக்கி வரும். ஓட்ட ஓட்ட உயர்ந்துகொண்டே வந்து கடைசியில் வானத்தை மறைத்துவிடும். கழுத்தை நிமிர்த்திப் பார்க்க வேண்டியிருக்கும், ஆட்டுக்கொம்பு ஹேண்டில் சைக்கிளில் அது கொஞ்சம் கடினம். நிறுத்திவிட்டே பாருங்கள்.

கடையம் பாரதியின் மாமனார் ஊர். கடலூர்ச் சிறையிலிருந்து வெளியே வந்ததும் 1918 கடைசியிலிருந்து 1920 வரை செல்லம்மாளோடு இங்கேதான் இருந்தார். எனக்கு இந்த ஊர் வேறொரு காரணத்துக்காக நினைவில் இருக்கிறது. போன வருடம் ஆடி மாதம், ஊரைத் தாண்டும்போது பின்சக்கரம் உஸ்ஸென்றது. இறங்கிப் பார்த்தால் உடைமுள், ஆணி கணக்காக நட்டமாக ஏறியிருந்தது. மாற்று டியூப் வைத்திருந்தேன். அதன் வால்வு ஒடிந்திருந்தது, பையில் எத்தனை மாதமாக அப்படிக் கிடந்ததோ. ஆக ஒட்டுப்போட வேண்டும். என்னிடம் இருந்த சொலூஷன் டியூபைப் பிதுக்கினால் காற்றுதான் வந்தது. காய்ந்து போயிருந்தது. குறை சொல்ல என்னைத் தவிர ஆளில்லை.

உருட்டிக்கொண்டே போய் ஒரு பஞ்சர் கடையைக் கண்டுபிடித்தேன். அறுபது வயதிருக்கும் அண்ணாச்சி, பல் விளக்கிக்கொண்டிருந்தார். சைக்கிளைச் சுற்றி வந்தார். இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

"ஸ்டாண்டு எங்க?"

"இதுல ஸ்டாண்டு கிடையாது அண்ணாச்சி."

"மட்காடு?"

"அதுவும் கிடையாது."

"கேரியர் இல்ல, பெல் இல்ல. என்ன வெல?"

விலையைப் பாதியாகக் குறைத்துச் சொன்னேன். வீட்டில் சொன்ன அதே பாதி. அவர் வாயிலிருந்த பற்பொடியைத் துப்பிவிட்டு, "இம்புட்டையும் கழட்டி வச்சுக்கிட்டா அவன் வெலைய ஏத்துனான்?" என்றார்.

வேலையில் மனிதர் வேறு ஆள். டயர் நெம்பியை வாங்கக்கூட இல்லை, கட்டைவிரலாலேயே டயரின் விளிம்பை ரிம்மிலிருந்து உருவினார். டியூபில் கொஞ்சம் காற்று அடித்துத் தண்ணீர்ச் சட்டியில் முக்கி மெல்ல நகர்த்தினார். ஓர் இடத்தில் ஊசிமுனை அளவு குமிழிகள் வரிசையாக ஏறின. அங்கே விரலை வைத்தார். எடுத்துத் துடைத்தார். ஆனால் உடனே ஒட்டவில்லை. இன்னும் அரைச் சுற்று முக்கினார். இரண்டாவது இடத்திலும் குமிழி. "முள்ளு ஒரு பக்கம் ஏறி மறுபக்கமும் தொட்டிருக்கு. ஒண்ண மட்டும் ஒட்டிட்டுப் போயிருந்தா மத்தளம்பாறையில உக்காந்திருப்பிய." அரத்தால் தேய்த்து, சொலூஷன் தடவி, ஊதி, விரல் நுனியால் தொட்டுப் பார்த்தார். ஒட்டும் பதம் வர வேண்டுமாம், ஈரமாக இருந்தாலும் பிடிக்காது, காய்ந்தாலும் பிடிக்காது. அந்த இடைவெளியில் டயரின் உட்புறம் முழுக்க ஒரு பஞ்சுத் துணியை ஓட்டினார். துணியின் ஒரு நூல் எதிலோ மாட்டி இழுத்தது. உடைந்த முள்நுனி ரப்பருக்குள்ளேயே இருந்தது. இதை நான் பார்த்திருக்கவே மாட்டேன்.

அப்புறம் காற்று. அவருடைய கம்ப்ரசரின் வாய் என் சைக்கிளின் ஒல்லி வால்வுக்குச் சேரவில்லை. அதற்கென்று ஒரு சின்னப் பித்தளைத் திருகு உண்டு. நாலைந்து ரூபாய்ச் சாமான் மாதிரி இருக்கும், வீட்டு மேஜை டிராயரில் பத்திரமாக இருந்தது. என் கைப்பம்ப்பை வைத்து மாறி மாறி அடித்தோம். பேனா அளவு பம்ப். நூறு அடிக்கு ஒருமுறை அவர் டயரை அமுக்கிப் பார்ப்பார். "சவத்த, கொசு ஊதுன மாதிரில்லா இருக்கு." முப்பது ரூபாய் கேட்டார். நூறு கொடுத்தால் எழுபதை எண்ணித் திருப்பிக் கொடுத்தார்.

மத்தளம்பாறை ஜோஹோ மென்பொருள் நிறுவனத்தின் அலுவலகம் இருக்கும் ஊர். தென்காசி நகரத்துக்குள் நுழையாமல் ஆயிரப்பேரி வழியாகப் பழைய குற்றாலத்துக்குப் போய்விடலாம், வழியெல்லாம் தோப்பும் குளமும்தான். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து பதினேழு வயதுப் பையன் ஒருவன் உயிர் போனது. அதிலிருந்து மேலே கறுத்துக்கொண்டிருந்தால் நான் அங்கே நிற்பதில்லை. மழை நமக்கு மேல் பெய்ய வேண்டும் என்று கட்டாயமில்லை, மலைக்கு மேல் பெய்தால் போதும்.

குற்றாலம் சைக்கிள் ஓட்டுகிற ஊரே அல்ல என்பது என் கட்சி. சீசன் ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு மேல் வேன், ஆட்டோ, எண்ணெய் தேய்த்த உடம்புகள், ரம்புட்டானும் மங்குஸ்தானும் விற்கும் வண்டிகள், எல்லாவற்றுக்கும் நடுவில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போக முடியும். அதனால் வார நாள். முடிந்தால் எட்டு மணிக்குள். தெரிந்த டீக்கடையில் சைக்கிளைச் சாய்த்துப் பூட்டிவிட்டுப் பேரருவிக்குள் நுழைந்துவிட வேண்டும்.

அருவியைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். சைக்கிளில் வந்து குளிப்பது பற்றி மட்டும் சொல்கிறேன். 75 கிலோமீட்டர் குனிந்தே வந்தவனுக்குக் கழுத்துக்குக் கீழே, இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில், ஒரு முடிச்சு விழுந்திருக்கும். அருவிக்கு முதுகைக் காட்டி, கம்பியைப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நகர வேண்டும். விளிம்பில் தண்ணீர் சீப்பு வாருகிற மாதிரி இருக்கும். இன்னும் ஓர் அடி வைத்தால் குத்துகள். மூச்சு முட்டும், கண் திறக்க முடியாது, பக்கத்தில் இருப்பவர் கத்துவது கேட்காது. தண்ணீர் தானாகவே அந்த முடிச்சைத் தேடிப் பிடித்துவிடும். வெளியே வரும்போது தோள் யாரோ ஒருவருடையது போல இருக்கும். சைக்கிள்காரர்கள் போடுகிற இறுக்கமான பஞ்சு வைத்த கால்சட்டையோடு மட்டும் அருவிக்குள் போய்விடாதீர்கள். அந்தப் பஞ்சு குடிக்கிற தண்ணீரின் அளவு வெளியே வந்ததும்தான் தெரியும். அதற்குப் பிறகு சீட்டில் உட்கார்ந்து பார்த்தால் அது ஒரு தனிக் கதை.

பசி ஆற வேண்டும் என்றால் செங்கோட்டை பக்கம் பிரானூர் பார்டர். இந்தப் பெயர் எனக்குப் பிடிக்கும். இப்போது கேரள எல்லை இதற்கு மேற்கே புளியரைக்கு அப்பால் இருக்கிறது. ஆனால் 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது, எல்லை பிரானூரில். எல்லை நகர்ந்துபோய் இத்தனை வருடமாகிறது, பார்டர் மட்டும் அங்கேயே இருக்கிறது. புரோட்டா சாப்பிட வருகிறவர்கள்தான் அதைக் காப்பாற்றுகிறார்கள் என்று நினைக்கிறேன். சால்னாவில் ஊறிய புரோட்டா நாலு, கூட ஏதாவது ஒரு கோழி. கலோரிக் கணக்கு வைத்திருக்கும் நண்பர்கள் அன்றைக்குக் கடிகாரத்தைக் கழற்றிவிடலாம்.

இன்னும் ஆசை இருப்பவர்கள் புளியரை தாண்டி எஸ் வளைவில் ஏறி ஆரியங்காவு போகலாம், அங்கிருந்து பாலருவி, கொஞ்சம் கீழே கழுதுருட்டியில் பதின்மூன்று கண் ரயில் பாலம். 1904இல் வந்த மீட்டர் கேஜ் பாதை, அகலப்பாதையாகி 2018இல் மறுபடி ரயில் ஓடத் தொடங்கியது. பாலம் அழகு. சாலையைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. கேரளத்துக்குப் பாரம் ஏற்றிப் போகிற லாரிகள் அந்த வளைவுகளில் நம் முழங்கையை உரசிக்கொண்டு ஏறும். ஏற்றம் சின்னது. ஆனால் நிற்க இடமில்லை. இரண்டு முறை போயிருக்கிறேன், இரண்டாவது முறை ஏன் போனேன் என்று தெரியவில்லை. கணவாயின் வாய் என்பதால் காற்று அங்கே விடிகாலையிலும் தூங்குவதில்லை. சாரலில் ரிம் நனைந்து, பிரேக் பிடித்தால் ஒரு விநாடி யோசித்துவிட்டுத்தான் நிற்கும்.

திரும்பி வரும்போதுதான் நேர் ரோடு. தென்காசி கோபுரத்தைத் தாண்டிக் கிழக்கே திரும்பியதும் சத்தம் நின்றுவிடும். காலையிலிருந்து காதில் இரைந்துகொண்டிருந்த காற்று இப்போது நம் வேகத்திலேயே கூட வருவதால் ஒன்றும் கேட்காது. செயின் ஓடும் சத்தம், டயர் சாலையைத் தொடும் சத்தம், அவ்வளவுதான். மிதிக்காமலே 30. லேசாக மிதித்தால் 40. கணக்குப் போட்டுப் பார்க்கிறவர்களுக்குச் சொல்கிறேன்: 20 கிலோமீட்டர் வேகத்தில் 20 கிலோமீட்டர் காற்றை எதிர்த்துப் போனால் உடம்பு மீது மோதுவது 40 கிலோமீட்டர் காற்று. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்கு. திரும்பி வரும்போது அதே காற்றில் அதே வேகத்தில் தடை பூஜ்யம். காலையில் பட்ட கடனை வட்டியோடு திருப்பித் தருகிற ஒரே ஆள் இந்தக் காற்றுதான்.

போன ஆடியில் அப்படிப் பறந்து வந்துகொண்டிருந்தேன். பாவூர்சத்திரம் தாண்டி ஒரு பெரியவர் எதிரே வந்தார். பழைய கறுப்பு சைக்கிள், கேரியரில் அவரைவிட அகலமாகப் புல்லுக்கட்டு. ஏறி ஓட்டவில்லை, தள்ளிக்கொண்டு வந்தார். காற்று புல்லுக்கட்டைப் பிடித்துப் பின்னால் இழுத்தது. நான் நிறுத்தினேன். நிற்கவே எனக்கு இரண்டு பிரேக்கும் தேவைப்பட்டன.

"ரொம்பத் தூரம் போகணுமா தாத்தா? நான் தள்ளட்டுமா?"

"வேண்டாம்யா. காத்து நின்னதும் ஏறிக்குவேன்."

"எப்ப நிக்கும்?"

கையைப் புருவத்துக்கு மேல் வைத்து மலையைப் பார்த்தார்.

"புரட்டாசியில" என்றார்.

சொல்லிவிட்டு மறுபடி குனிந்து தள்ள ஆரம்பித்தார். நான் ஒரு காலை மிதியில் வைத்தேன். இன்னொரு காலைத் தூக்குவதற்குள் சைக்கிள் கிளம்பிவிட்டது.